ரிசல்ட் வந்த மறுநாள் விற்கலாமா?

2023 ஏப்ரல் 13 அன்று இன்ஃபோசிஸ் காலாண்டு முடிவை வெளியிட்டது. நிகர லாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடச் சுமார் 8% அதிகம். ஆனால், சந்தை அடுத்துத் திறந்த ஏப்ரல் 17 அன்று பங்கு விலை 9 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

லாபம் கூடியும் ஏன் இந்த அடி? அடுத்த நிதியாண்டில் வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் இருக்கும் என்று நிறுவனமே கணித்திருந்தது. சந்தை எதிர்பார்த்தது இன்னும் அதிகம். ஐ.டி. பங்கு வைத்திருப்பவர்கள் முதலில் தேடிப் படிக்க வேண்டியது இந்தக் கணிப்பைத்தான். லாபக் கணக்கெல்லாம் அப்புறம்.

காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் பதறிப்போய், கிடைக்கும் விலைக்கு விற்கும் ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டால், திரையில் பார்த்த விலை கிடைக்காமல் போகலாம். விற்றே ஆக வேண்டுமென்றால், குறைந்தபட்ச விலையை நீங்களே குறிப்பிடும் ‘லிமிட் ஆர்டர்’ போடலாம்.

முழு அறிக்கையும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் இலவசம். அதைப் புரட்டிவிட்டு ஆர்டரில் கை வையுங்கள்.