ட்ரில் வரமாட்டேங்குதா? அக்கா சொல்றதைக் கேள்

பாக் பாட்டை எடுத்து வெச்சதும், நோட்டுக்கு மேல நெளியுற அந்தக் கோட்டைப் பார்த்துட்டு "விரல்ல வேகம் பத்தலக்கா"ன்னு புலம்புற. எத்தனை நோட்டு, எந்த விரல், எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணாம கையை விட்டா யார் விரலும் தடுமாறத்தான் செய்யும்.

முதல்ல குறியைச் சரியாப் பாரு. நெளிகோட்டைச் செங்குத்தா ஒரு சின்னக் கோடு வெட்டினா மார்டென்ட். பாக்கோட சி மேஜர் இன்வென்ஷன் முதல் பார்ல, வலது கை 'பி' மேல இருக்கே, அதுதான். பி-ஏ-பின்னு சட்டுனு முடிச்சிடு. வெட்டு இல்லேன்னா ட்ரில். அதை மேல் நோட்டுலேர்ந்து ஆரம்பி. பாக் 1720-ல தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்குத் தொடங்கின நோட்டுப் புத்தகத்துல இதுக்கு அட்டவணையே போட்டுக் குடுத்திருக்கார். பையனுக்கு அப்போ 9 வயசு! அந்த மேல் நோட்டு இடது கையோட சேர்ந்து பீட் மேலயே விழணும். முன்னாடியே தட்டிட்டா, இடது கை நோட்டோட அது உரசுற ருசி போயிடும்.

இனி விரல். அலங்காரத்தை எடுத்துட்டு வெறும் மெட்டை வாசி. அது நிதானமா ஓடினப்புறம், ஒரு கிராட்செட் 'பி'-க்கு சி-பி-சி-பின்னு நாலே நோட்டு போடு. இடது கை தடுமாறாம நடந்தா ஆறாக்கு. 2-3 விரல் எல்லாருக்கும் எளிசு, 1-3 இன்னும் தெம்பு. 4-5 பக்கம், வேற வழியே இல்லாதப்போ மட்டும் போ. விரல் நுனி கட்டையை விட்டு எழும்பவே வேண்டாம். கிராண்ட் பியானோவுல கட்டை முழுசா மேல வராமலே திரும்ப அடிக்கும். அப்ரைட்ல இன்னும் கொஞ்சம் மேல விடணும். வீட்டுல ஒண்ணு, கிளாஸ்ல ஒண்ணுன்னு வாசிக்கிறவங்க திணறுறது பெரும்பாலும் இதனாலதான்.

பலத்தை நம்பாதே. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரின் 1716-ல போட்ட ஹார்ப்சிகார்ட் புத்தகத்துல, சின்னப் பசங்களுக்கு ரொம்ப லேசா அழுந்துற கட்டையைத்தான் குடுக்கச் சொல்றார். நீள ட்ரில்லை மெதுவாத் தொடங்கி, கேக்கிறவங்களுக்குத் தெரியாம வேகம் கூட்டணும்னும் சொல்லியிருக்கார். மெட்ரோனோமைக் கொஞ்ச நேரம் அணைச்சுட்டு இதைப் பண்ணிப் பாரு, கை தானாத் தளரும்.

டி மைனர் இன்வென்ஷன்ல இடது கைக்கு வர்ற நீள ட்ரில்லைக் கடைசிக்கு வெச்சுக்கோ. அதுல பாதிச் சத்தம் போதும், மெட்டு வலது கையிலதான் இருக்கு. முன்கை இறுகினா அன்னிக்கு அதோட விட்டுட்டு வேற பாட்டு வாசி.