'அமுக்குவான்' பேயா, உறக்கத்தின் கோளாறா?



நடுநிசியில் விழிப்பு வருகிறது. கண் திறந்திருக்கிறது, அறையும் தெரிகிறது. ஆனால் கைகால் அசையவில்லை, கூப்பிட வாய் வரவில்லை. கதவருகே ஒரு கரிய உருவம். அது நெருங்கி வந்து நெஞ்சின்மேல் ஏறி அமுக்குகிறது. சற்று நேரத்தில் உடல் விடுபடுகிறது. பயம் மட்டும் விடுவதில்லை.

நம் ஊர்களில் இதை 'அமுக்குவான் பேய்' என்பார்கள். ஜப்பானியர் 'கனாஷிபாரி' என்பர். பெயர் மாறினாலும் அனுபவம் ஒன்றே. மருத்துவத்தில் இது உறக்க முடக்கம். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கின்படி, நூற்றில் ஏறக்குறைய 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்கிறது. மாணவரிடையே 28 பேருக்கு.

ஏன் வருகிறது?

கனவு காணும் வேளையில், நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை நம் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சிலவேளை அந்தத் தளர்ச்சி நீங்குமுன் மனம் விழித்துக்கொள்கிறது. அப்போது கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாகத் தோன்றுகிறது. நெஞ்சுத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல் பாரமாக இருக்கிறது. ஆனாலும் உதரவிதானம் இயங்குகிறது, மூச்சு நிற்பதில்லை.

தூக்கம் குறைந்தவர்கள், இரவுப்பணி பார்ப்பவர்கள், மனக்கவலையுள்ளவர்கள், மல்லாந்து படுப்பவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும்.

என்ன செய்யலாம்?

1. தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுங்கள்.
2. ஒருக்களித்துப் படுங்கள்.
3. அது நேரும்போது போராடாமல், "இது கடந்துபோகும்" என்று மனதில் சொல்லிக்கொண்டு அமைதியாய் மூச்சுவிடுங்கள். ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள்.
4. பக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லித் தொட்டு எழுப்பலாம்.

அடிக்கடி வந்தாலும், பகலில் அடக்கமுடியாத தூக்கம் வந்தாலும், சிரிக்கும்போது திடீரென முழங்கால் தளர்ந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். அது நார்கோலெப்சி என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

பிரியமானவர்களே, இதைச் சொன்னால் 'பேய் பிடித்தவள்' என்பார்களே, 'விசுவாசம் குறைந்தவன்' என்பார்களே என்று மறைத்துத் தவிப்பவர்கள் நம் சபைகளிலும் உண்டு. அப்படி ஒருவர் உங்களிடம் மனந்திறந்தால், "என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்காதீர்கள். அவரோடு ஜெபியுங்கள், இது உடலில் நேரும் ஒன்று என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.