கொடி காய்ந்த பிறகு வாருங்கள்

பளியர், காடர், காணிக்காரர், காட்டுநாயக்கர் ஆகிய மலைவாழ் மக்கள் உண்ணும் காட்டுக் கிழங்குகளைப் படிக்கவென்று ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் மலையேறுகிறார்கள். கையில் ஓர் அட்டவணை இருக்கும்: தாவரத்தின் பெயர், பயன்படும் பாகம், பயன். ஒரு மதியத்தில் அதை நிரப்பிவிடலாம். ‘கிழங்கு, உணவு, அவித்து உண்பர்.’ நிரப்பியவருக்கு அந்தக் கிழங்கு எந்த மாதம் உண்ணத் தகும், எவ்வளவு ஆழத்தில் இருக்கும், பக்கத்தில் படர்ந்திருக்கும் அதன் பங்காளி ஏன் ஆளைச் சாய்க்கும் என்று எதுவும் தெரியாது. அந்த மக்களின் அறிவு முழுக்கக் கிழங்கை எடுக்கும் முறையில்தான் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கொடி காய்ந்த பிறகு வாருங்கள். உங்களுக்குக் கல்லூரி விடுமுறை மே மாதம் வருகிறது. கிழங்குக்கு அது ஆகாத மாதம். கோடை மழை விழுந்ததும் கொடி துளிர்க்கும். துளிர்ப்பதற்கான மாவெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்துதான் போகிறது. அப்போது தோண்டினால் நாரும் நீரும்தான் மிஞ்சும். மழைக்காலம் முழுக்க இலை உழைத்து, கார்த்திகை, மார்கழி வாக்கில் மஞ்சளித்து உதிர்ந்த பிறகே கிழங்கு மாவு பிடித்து நிற்கும். அங்கிருந்து பங்குனி வரை அதன் காலம். காட்டில் பழம் குறைந்து பசி கூடும் மாதங்களும் அவையே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செடியை அடையாளம் காண உங்களுக்கு இலை வேண்டும், பூ வேண்டும். கிழங்கு எடுக்கிறவர் வரும்போது இரண்டும் இருக்காது. மரத்தில் சுற்றிக் கிடக்கும் ஒரு காய்ந்த நூலைப் பார்த்து, அது எந்த இனம், அதன் அடி எங்கே மண்ணில் இறங்குகிறது, தோண்டுவதற்கு அது தகுமா என்று அவர் சொல்லிவிடுவார். ஆகவே ஒரே கொடியிடம் இரண்டு தடவை போங்கள். ஆவணியில் ஒரு தடவை போய்ப் பூவோடு மாதிரி எடுத்து மரத்தில் அடையாளம் கட்டுங்கள். தையில் மறுபடி போய் அவர் எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள்.

2. இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள். இந்தக் கொடிக் கிழங்குகளின் பேரினமான டயோஸ்கோரியாவில், நம் மலைகளில் அதிகம் உண்ணப்படுவது ஒப்போசிடிஃபோலியா. அதற்குத் தனி இலை, எதிரெதிராக நிற்கும், தண்டில் முள் கிடையாது. அதில் குழப்பம் குறைவு. குழப்பம் பென்டாஃபில்லாவுக்கும் ஹிஸ்பிடாவுக்கும் நடுவில்தான். முன்னது வேகவைத்து உண்ணத் தக்கது, பின்னது நஞ்சு. ஐந்து சிற்றிலை இருந்தால் நல்லது, மூன்று இருந்தால் கெட்டது என்று சில கையேடுகள் எழுதிவிட்டன. பென்டாஃபில்லாவின் இலையில் மூன்று சிற்றிலைகள் மட்டும் இருப்பதும் உண்டு. இரண்டுக்கும் தண்டில் முள் உண்டு. பென்டாஃபில்லாவின் கொடியில் சிறு சிறு காய்க்கிழங்குகள் தொங்கும், ஹிஸ்பிடாவில் தொங்காது. பெண்கொடியாக இருந்தால் முப்பட்டைக் காய் காய்ந்து நிற்கும். ஹிஸ்பிடாவின் காய் நன்றாகப் பெரியது. ஆண் வேறு, பெண் வேறு கொடி என்பதால் பாதிக் கொடிகளில் காயே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. கொடி சுற்றும் திசையை வரைந்துகொள்ளுங்கள். ஒப்போசிடிஃபோலியா ஒரு பக்கம் சுற்றும்; பென்டாஃபில்லா, ஹிஸ்பிடா, பல்பிஃபெரா என்ற இன்னோர் இனம் மூன்றும் மறுபக்கம் சுற்றும். இலை உதிர்ந்த பிறகும் அழியாத அடையாளம் இது. ஆனால் ‘வலம்’, ‘இடம்’ என்று எழுதி வைத்தால் பிறகு வம்பு. மேலிருந்து பார்க்கிறவருக்கும் கீழிருந்து பார்க்கிறவருக்கும் அது மாறிப்போகும். நூல்களுமே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கொடி ஏறும் குச்சியைச் செங்குத்தான ஒரு கோடாகப் போட்டு, உங்கள் முகத்துக்கு நேரே கொடி எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று ஒரு வளைகோடு போடுங்கள். அது போதும்.

4. எளிதில் வருகிற கிழங்கைச் சந்தேகப்படுங்கள். ஹிஸ்பிடா மேல்மண்ணிலேயே பருத்துக் கிடக்கும். கொஞ்சம் கிளறினால் ஒரு குடும்பத்துக்கே போதுமான கிழங்கு வந்துவிடும். பன்றியும் முள்ளம்பன்றியும் மற்ற இனங்களைத் தேடித் தேடிக் கிளறும் காட்டில், மேலாக இருக்கும் இது மட்டும் ஏன் இத்தனை பெரிதாக வளர்ந்து நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் டயோஸ்கோரின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. நரம்பைத் தாக்கும், வலிப்பு வரும்.

அப்படியும் மனிதர்கள் அதை உண்டிருக்கிறார்கள். ஒடிசாவின் பழங்குடிகளும், கடுங் என்று அழைத்து இந்தோனேசியர்களும் மெல்லிசாகச் சீவி, சாம்பலோ உப்போ சேர்த்து, ஓடுகிற நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு நஞ்சைக் கழுவி எடுக்கிறார்கள். நஞ்சு நீரில் கரையக்கூடியது என்பதை ஆய்வகம் பின்னால் சொன்னது. நீங்கள் எழுத வேண்டியது ‘ஊறவைத்து உண்பர்’ என்ற இரண்டு சொல் அல்ல. எவ்வளவு மெல்லிசு, எத்தனை நாள், ஓடும் நீரா நிற்கும் நீரா, போதும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் உங்கள் குறிப்பை நம்பி யாராவது சாகலாம்.

5. சுவைத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். பல்பிஃபெராவின் காட்டு வகை வெறும் கசப்பாகத்தான் தெரியும், ஈரலைக் கெடுக்கும். வீரம் வேண்டாம்.

6. தோண்டப் பழகுங்கள். இதை யாரும் பாடத்தில் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நல்ல கிழங்கு செங்குத்தாகக் கீழே இறங்கும். ஒரு மீட்டர் என்பது சாதாரணம். கொடியின் அடியிலேயே கோலைக் குத்தினால் கிழங்கு நொறுங்கும். சரிவில் என்றால் கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளித் தொடங்க வேண்டும். எடுத்த மண் தானாகச் சரிந்து போகும், குழிக்குள் திரும்பி விழாது. கருவி என்பது வைரம் பாய்ந்த ஒரு கோல், இப்போது முனையில் இரும்பு. மண்வெட்டி கொண்டு போகாதீர்கள்; பாறை இடுக்கில் அது நுழையாது, அகலமாக வெட்டிச் சுற்றியிருக்கும் வேரையெல்லாம் அறுத்துவிடும். குத்தி இளக்கிய மண்ணைக் கையால் அள்ளிப் போடுவார்கள். தோள் வரை கை உள்ளே போகும், பிறகு தலையும் போகும். பாறைக்குள் புகுந்துவிட்ட கிழங்கைச் சில சமயம் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இவ்வளவு உழைத்த பிறகா என்று உங்களுக்குத் தோன்றும். அந்த இடத்தில்தான் ஒரு கணக்கு இருக்கிறது: கிடைக்கப்போகும் மாவு, செலவாகும் வியர்வை, பொழுது சாய்வதற்கு முன் யானை இறங்கும் வழியைக் கடக்க வேண்டிய அவசரம். எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த கிழங்கின் எடையை விட அது முக்கியம்.

7. தலையை யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கிழங்கின் மேல்நுனியில்தான் அடுத்த ஆண்டின் முளை இருக்கிறது. அதைக் கொடியோடு ஒட்டினாற்போல ஒடித்து, குழிக்குள் திரும்ப வைத்து, இளகிய மண்ணையும் சருகையும் தள்ளி மூடிவிட்டு வருவது காடரிடமும் காட்டுநாயக்கரிடமும் இன்னும் பல மலைவாசிகளிடமும் உள்ள பழக்கம். அடுத்த கிழங்கு இளமண்ணில் இறங்குவதால் சுலபமாகப் பருக்கும், சுலபமாகத் தோண்டவும் வரும். இதைப் பயிர்த்தொழில் என்பதா சேகரிப்பு என்பதா என்று பேராசிரியர்கள் சண்டை போடட்டும்.

கவலைக்கிழங்கு தோண்டிய குழியில் கொன்றைப் பூ உதிர்ந்து நிறைந்திருக்கும் காட்சி குறுந்தொகையில் வருகிறது. அந்தக் குழி திறந்து கிடக்கிறது. எல்லோரும் எல்லாக் காலத்திலும் மூடிவிட்டுத்தான் வந்தார்கள் என்று நீங்களும் எழுத வேண்டாம். சந்தைக்காகக் கூலிக்குத் தோண்டுகிறவர் தலையோடு பிடுங்கிக்கொண்டு போவதையும் பார்ப்பீர்கள். இரண்டையும் எழுதுங்கள்.

8. ஒரே விடையை எதிர்பார்க்காதீர்கள். பளியரிடம் ஒரே கொடிக்கு அண்ணன் ஒரு பெயரும் தம்பி ஒரு பெயரும் சொல்லக்கூடும். 1960களின் தொடக்கத்தில் அவர்களோடு வாழ்ந்து ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவரவர் அறிவு அவரவர் அனுபவத்தில் விளைந்தது. எனக்குத் தெரிந்ததுதான் சரி என்று ஒருவர் இன்னொருவரைத் திருத்துவது அங்கே மரியாதைக் குறைவு. நீங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து ‘எது சரி?’ என்று கேட்டால் இருவரும் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் முறை அதுதான். இரண்டு பெயரையும், சொன்னவர் எந்தச் சரிவில் கிழங்கு எடுக்கிறவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கவலை என்ற பெயர் மலைக்கு மலை வேறு வேறு இனத்தைக் குறிப்பதால், உலர்த்திய மாதிரி இல்லாத பெயர் எதற்கும் உதவாது.

9. கேள்வித்தாளைப் பைக்குள் வையுங்கள். நடக்கும்போது வாய் திறப்பவர்கள், திண்ணையில் உட்காரவைத்தால் ‘ஆமாங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று வந்தால், ‘இவர் சீக்கிரம் கிளம்பினால் தேவலை’ என்று பொருள்.

10. பெயர் சொல்லி, ஒருமையில் அழைக்காதீர்கள். குத்தகைக்காரரும் சில அதிகாரிகளும் எழுபது வயதுக்காரரை ‘ஏய், வாடா’ என்பதைக் கேட்பீர்கள். உங்கள் ஊரில் அந்த வயதுக்காரரை எப்படி அழைப்பீர்களோ அப்படித் தாத்தா, அண்ணே, அக்கா என்று அழையுங்கள். உங்களோடு வந்த நாளில் அவருக்குக் காட்டு வேலையோ தோட்ட வேலையோ போயிருக்கும். அந்தக் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். புகையிலையும் பழைய சட்டையும் கூலி ஆகாது. பெண்களிடம் தனியாகப் போய்க் கேளுங்கள், மாணவிகள் போனால் இன்னும் நல்லது. தோண்டுவதில் அவர்களும் பாதி. ஆனால் அச்சான அட்டவணைகளில் பெரும்பாலும் ஆண்களின் பேச்சே இருக்கும்.

11. ரேஷன் அரிசியையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. ஒரு நாள் முழுக்கத் தோண்டுவதை விட அது எளிது, அதில் யாரும் குறை காண முடியாது. கிழங்கு இப்போது எந்த நாட்களில் அடுப்பேறுகிறது? அரிசி தீர்ந்த மாதக் கடைசியிலா, தேன் எடுக்கப் போகும் இடத்திலா, சாமி கும்பிடும்போதா, பேரப்பிள்ளை விடுதியிலிருந்து வந்திருக்கும்போதா? ‘இவர்களின் முதன்மை உணவு காட்டுக் கிழங்கு’ என்று ஐம்பது ஆண்டுப் பழைய வரியை எடுத்து ஒட்டும் கட்டுரைகள் எனக்கு இன்றும் வருகின்றன. படித்ததும் எழுதியவர் மலைக்குப் போகவில்லை என்று தெரிந்துவிடும்.

12. உரிமை யாருடையது என்று தெரிந்துகொண்டு போங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருள் என்பதற்குள் வேர்களையும் கிழங்குகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அவற்றைச் சேகரிக்கும், பயன்படுத்தும், விற்கும் உரிமை அங்கே வாழும் மக்களுடையது. மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள உரிமையையும் அதே சட்டம் சொல்கிறது. உங்களுடைய உரிமை எதுவும் அதில் கிடையாது. நீங்கள் வனத்துறையின் அனுமதியோடும், அதற்கு முன்னால் ஊரின் சம்மதத்தோடும் போகிற விருந்தாளி. திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகம் ஆனது. அங்கே கிழங்கெடுக்கப் போகிற பளியரோடு நீங்கள் அனுமதியில்லாமல் நடந்தால் சிக்கல் வரப்போவது அவருக்குத்தான்.

13. ஆரோக்கியப்பச்சையின் கதையைப் படியுங்கள். இந்தக் கிழங்குக் கொடிகளின் குடும்பத்தில்தான் இன்று தாவரவியலாளர்கள் அந்தச் சிறு செடியையும் சேர்க்கிறார்கள். 1987 டிசம்பரில் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன தாவரவியலாளர் புஷ்பாங்கதன் குழுவினர், வழிகாட்டி வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைக்காமல் நடப்பதைப் பார்த்தார்கள். சொல்லத் தயங்கியவர்கள் பிறகு சொன்னார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. தயாரிக்கும் உரிமை பத்து லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. பாதிப் பணம் காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று பாராட்டினார்கள். பாராட்டத்தக்கதுதான், நம் நாட்டில் அதற்கு முன் அதுவும் இல்லை. ஆனால் பிலாத்தி எனப்படும் அவர்களுடைய வைத்தியர்கள் சிலர், எங்கள் அறிவை விற்க யார் சம்மதம் கொடுத்தது என்று கேட்டார்கள். சொன்னவர் சிலர், அறிவு எல்லோருடையது; சிலரின் சம்மதம் எல்லோரின் சம்மதம் ஆகுமா? நீங்கள் ஒருவரிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டும்போதும் இதே கேள்வி இருக்கிறது.

14. அச்சுக்குப் போகும் முன் ஊரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லுங்கள். எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு அடர்த்தி என்ற இடக்குறிப்பைப் பெரும்பாலும் எடுத்துவிடச் சொல்வார்கள். தரகர் அதைப் பார்த்துக்கொண்டு வருவார் என்று அவர்களுக்குத் தெரியும். எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி குறைவதால் உங்கள் பட்டம் நின்றுவிடாது. மாதிரிகளில் ஒரு படி உலர்தாவரக் காப்பகத்துக்கு, குறிப்பேட்டின் ஒரு படி ஊருக்கு. ஊரில் படித்த பிள்ளை யார் என்று கேட்டு அவர் கையில் கொடுங்கள்.