பலகையில் பன்னூர், பையில் எந்த ஊர்?

மைசூருக் கறிக்கடைகளில் ‘பன்னூர்’ என்று பலகை வைத்தால் கறிக்குத் தனி மவுசு. மைசூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளியிருக்கும் பன்னூரிலும் பக்கத்து மளவள்ளிக் கிராமங்களிலும் வளரும் குட்டைக்கால் செம்மறி அது. அரசு ஆவணங்களில் ‘மண்டியா’ இனம். ஊர்க்காரர்களுக்குப் பண்டூர் ஆடு. பன்னூர்ப் பெயரைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: கறியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உண்மை: உயிருள்ள ஆட்டைப் பின்னாலிருந்து பார்த்தால், தொடைகளுக்கு நடுவே ‘ப’வைக் கவிழ்த்து வைத்த வடிவம் தெரியும். வெட்டித் துண்டு போட்ட பின் அந்த அடையாளம் போய்விடுகிறது. டிஎன்ஏ சோதனை ஆடா, மாடா என்று சொல்லும். எந்த ஊர்ப் பட்டியில் வளர்ந்தது என்று சொல்லாது.

நம்பிக்கை: பிறப்பிடத்தைச் சொல்லித்தான் விற்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

உண்மை: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி, இறக்குமதி உணவுப் பொட்டலத்தில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும். இடையில் வேறொரு நாட்டில் பதப்படுத்தித் தன்மை மாறினால், அந்த நாடே பிறப்பிடமாகிவிடும். கடையில் வெட்டித்தரும் உள்ளூர்க் கறிக்கு இந்த விதி இல்லை.

நம்பிக்கை: கட்டாயமாக்கினால் வளர்ப்பவருக்கு லாபம்.

உண்மை: அமெரிக்கா 2009இல் மாட்டு, பன்றி இறைச்சிக்குப் பிறப்பிடம் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. கனடாவும் மெக்சிகோவும் உலக வணிக அமைப்பில் வழக்காடி, ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் பதிலடி வரி விதிக்க அனுமதி பெற்றன. 2015 டிசம்பரில் அந்த இரண்டு இறைச்சிக்கும் கட்டாயம் கைவிடப்பட்டது. செலவு கூடிய அளவுக்கு வாங்குவோர் ஆர்வம் கூடியதாகத் தெரியவில்லை என்றது அரசின் ஆய்வு. மாடு வளர்ப்போரில் ஒரு சாரார் அதை ஏற்கவில்லை. மீண்டும் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் அங்கே அது இன்றும் கட்டாயம்.

நம்பிக்கை: புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் கவலையில்லை.

உண்மை: ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத் கருங்கோழிக் கறி 2018இல் குறியீடு பெற்றது, கறிக்கும் அது கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். போலியைக் கண்டுபிடித்து வழக்குப் போடுவது உரிமையாளர் பாடு. பண்டூர் ஆடு மெதுவாகத்தான் எடை போடும். அதை வளர்த்தவர் சந்தையில் உயிரோடு விற்றுவிட்டால், பிறகு கறிக்கு ஏறும் விலையில் அவருக்குப் பங்கில்லை. குட்டியின் காதில் மாட்டும் எண் அறுப்புக்கூடத்தைத் தாண்டிக் கடை ரசீதுவரை வந்தால்தான், பன்னூர்ப் பெயருக்கு நாம் தரும் கூடுதல் காசை வளர்த்தவர் உரிமையோடு கேட்க முடியும்.