ஆகஸ்ட் 15 அன்னைக்கும் வேலைக்கு வரச் சொல்றாங்களா?

துணிக்கடையில பதினோரு வருஷம் நின்னவ சொல்றேன், தங்கச்சி. "நாளைக்கு லீவு கிடையாது, எல்லாரும் வந்துடணும்"னு மேனேஜர் சொன்னதும் தலையாட்டிட்டு வந்துடாதே. போறது தப்பில்லை. என்ன கணக்குல போறோம்னு அன்னைக்கே பேசிடணும்.

தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1958லேர்ந்து சட்டம் இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் லீவு. அதுபோக வருஷத்துக்கு அஞ்சு பண்டிகை நாள். அன்னைக்கு வேலை வாங்கணும்னா முதலாளி உரிய படிவத்துல தொழிலாளர் ஆய்வருக்கு முன்கூட்டியே தெரிவிக்கணும்.

வேலை பார்த்தா ரெட்டைச் சம்பளம்; இல்லேன்னா அன்னைய சம்பளமும், வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும். ரெண்டுல எதுங்கறதை நீதான் சொல்லணும், மேனேஜர் இல்ல. நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு இதுதான் தெரியறதில்லை. "அப்புறம் ஆஃப் எடுத்துக்கோ"ம்பாங்க. அந்த ஆஃப் ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல்னு தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு வருஷம் மூணு நாள் அப்படி நின்னுச்சு. அம்மா கண் ஆபரேஷனுக்குக் கேட்டப்போ, எழுத்துல எதுவும் இல்லைன்னு சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க. இன்னும் மனசு ஆறலை.

அதனால, மாற்று லீவு எடுக்கறதா இருந்தா தேதி எழுதாத தாள்ல கையெழுத்துப் போடாதே. போட்டதை போன்ல படம் எடுத்து வை. தாளே தரலையா, "15ஆம் தேதி வர்றேன், 22ஆம் தேதி லீவு எடுத்துக்கறேன் சார்"னு வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பிடு. மரியாதையாத்தான் இருக்கும், ஆதாரமாவும் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை விஷயம் வேற. கடைகளுக்கு ஞாயிறுதான் லீவுன்னு கட்டாயம் இல்லை. ஆளுக்கு வாரத்துல ஒரு முழு நாள் கட்டாயம். 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதிச்ச கடைகள்லயும் இந்த நிபந்தனை உண்டு. அங்கே ராத்திரி எட்டு மணிக்கு மேல பெண்களை நிறுத்தணும்னா எழுத்துல சம்மதம் வாங்கணும். பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா, மாசத்துல ரெண்டு ஞாயிறாவது வேணும்னு ஷிப்ட் போடறதுக்கு முன்னாடியே கேளு. போட்டப்புறம் கேட்டா இன்னொருத்தி லீவுலதான் கை வைப்பாங்க.

இவ்வளவு கேட்டும் ரெட்டைச் சம்பளமோ மாற்று லீவோ வார லீவோ தரலைன்னா தொழிலாளர் உதவி ஆய்வர் அலுவலகத்துல மனு கொடுக்கலாம். தனியா போகாதே. லீவு அன்னைக்கு உன்கூட வேலை பார்த்த ரெண்டு பேரைக் கூட்டிக்கோ. போன்ல எடுத்து வச்ச அந்தத் தாளோட படமும் சம்பளச் சீட்டும் கையில இருக்கட்டும்.