விமானி உரிமமும் உத்தியோகமும்

கேள்வி: வர்த்தக விமானி உரிமம் பெற, வீட்டை ஈடு வைத்தாவது பணம் தரும்படி என் மகன் கேட்கிறான். கொடுக்கலாமா?
— ஒரு தாயார், காத்தோங்

பதில்: அம்மா, 1937-இல் திறக்கப்பட்ட பழைய காலாங் விமான நிலையம் தங்கள் பேட்டைக்கு வெகு தூரமன்று; அங்கே வளர்ந்த பிள்ளைக்கு ஆகாயத்தின் மீது மோகம் பிறந்ததில் ஆச்சரியமில்லை. ஆயினும், சுமார் 200 மணி நேரம் பறந்து, பெருந்தொகை செலவழித்துப் பெறும் அந்த உரிமம் உத்தியோகத்தின் வாசற்படி மட்டுமே. அதன்பின் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ரகத்துக்கெனத் தனிப் பயிற்சியும், தலைமை விமானியாவதற்கு 1,500 மணி நேர அனுபவம் கோரும் உயர்நிலை உரிமமும் வேண்டியிருக்க, இடையில் வேலையின்றிக் கழியும் மாதங்களிலும் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். 2020-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமமே சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்ததை நாம் மறக்கலாகாது. எனவே, பயிற்சிச் செலவைத் தானே ஏற்று, பிரதியாகச் சில ஆண்டுகள் கட்டாயச் சேவையைக் கோரும் அந்நிறுவனத்தின் பயிற்சி விமானித் திட்டத்துக்கே அவர் முதலில் விண்ணப்பிக்கட்டும். விமானிகளுக்குரிய வைத்தியப் பரிசோதனையையும், ஒரு வெள்ளிகூடக் கட்டணம் செலுத்துமுன் முடித்துக்கொள்ளட்டும். கண்ணிலோ இதயத்திலோ ஒரு குறை பின்னால் தெரியவந்தால், கட்டிய பணம் திரும்புவது துர்லபம். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா.