குரல் கேட்டால் எல்லாம் ஒரே நோயா?



கடலூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு வாலிபனை நினைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் தன்னைப்பற்றிப் பேசுவது வீட்டிலும் காதில் கேட்கிறது என்கிறான். மாதக்கணக்கில் குளிப்பதில்லை, யாரோடும் பேச்சில்லை. அதே தெருவில் ஒரு பெண். வீட்டில் சண்டை வந்தால் விழுந்து, வேறு குரலில் பேசுகிறாள். அரைமணி கழித்து எழுந்தால் ஒன்றும் நினைவில்லை. ஊரார் இருவருக்கும் சொல்வது ஒன்றே: பேய்.

மருத்துவர் பிரித்துப் பார்க்கிறார். வாலிபனுக்கு மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. பெண்ணுக்கு டிசோசியேஷன், தாங்கமுடியாத துயரத்தை மனம் ஒதுக்கிப் பூட்டிவைக்கும் நோய். முன்பு ஹிஸ்டீரியா என்றார்கள். அவள் நடிக்கவில்லை.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். 1908ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ப்ளாய்லர், 'பிளந்த மனம்' என்று பொருள்படும்படி ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை வைத்தார். சிந்தனையும் உணர்ச்சியும் இசையாமற்போவதையே அவர் சொன்னார். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் என்றல்ல. சினிமாக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஆனாலும் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இராது. காதில் குரல் கேட்பது மனச்சிதைவின் முக்கிய அடையாளமாக எண்ணப்பட்டது. சிறுவயதில் கொடுமைக்குள்ளாகி டிசோசியேஷன் வந்தவர்கள் பலருக்கும் குரல் கேட்கிறது. ஒரே ஆளிடம் இரண்டின் அடையாளங்களும் காணப்படுவதுண்டு. ஆகவே முதல் நாளே முடிவு எழுதிவிட முடியாது. வீட்டாரையும் உட்காரவைத்து, பொறுமையாய்க் கேட்கவேண்டும்.

தவறினால் நஷ்டம் பெரிது. வாலிபனுக்கு மாத்திரை தாமதித்தால் நோய் வேரூன்றும். அந்தப் பெண்ணுக்கு அதே மாத்திரையை வருஷக்கணக்கில் கொடுத்தால் உடல் பருக்கலாம், கை நடுங்கலாம். துயரமோ இருந்த இடத்திலேயே இருக்கும். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பும், மனந்திறந்து பேச ஒருவரும்.

2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017ம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அது வேறு மார்க்கத்தார் காரியம் என்று நாம் விலகிக்கொள்ள முடியாது; நம் ஜெபவீடுகளையும் விசாரித்துப் பாருங்கள். ஜெபத்தை நிறுத்தும்படி நாங்கள் சொல்லவில்லை. கட்டை அவிழ்த்து, சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாமல், வீட்டார் ஒருவரோடு அழைத்து வாருங்கள். வரமுடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாய்த் தமிழிலேயே பேசலாம்.